கைமாத்தாகப் போன நிலவு

ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. விடிந்தும் விடியாமலும் சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். ரயில் பெட்டியின் ஏசிக்கு என்மேல் என்ன கோபமோ, ராத்திரி முழுக்க என் தலையைத் தேடிப் பிடித்து ஊதியிருந்தது. மூக்கு இரண்டும் அடைப்பு. சூரமங்கலம் பக்கம் நடந்து, ரயில்வே ஊழியர்கள் நின்றபடி குடித்துக்கொண்டிருந்த ஒரு கடையில் காபி வாங்கினேன். பதினைந்து ரூபாய். இரண்டாவது வாயில் மூக்கு திறந்துகொண்டது. பெரம்பூரில் என் தெருமுனைக் கடைக்காரர் இருபது ரூபாய்க்குத் தருவதைக் காபி என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்கே புரிவதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசுமைக் கட்டடம் என்று பெயர் வாங்க விரும்புகிறவர்கள் தண்ணீர், மின்சாரம், சிமெண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் எடுக்க வேண்டும். மரத்துக்கும் மதிப்பெண் உண்டு. காட்டை மொட்டையடிக்காமல் முறையாக வளர்த்து வெட்டிய மரம் என்று சான்று வேண்டும். சான்று வாங்கியதோடு விஷயம் முடிந்துவிடாது. வெட்டியவர், அறுத்தவர், விற்றவர், இழைத்துக் கதவாக்கியவர் என்று மரம் யார் யார் கைக்குப் போகிறதோ அத்தனை பேரிடமும் சான்று இருக்க வேண்டும். நடுவில் சான்றில்லாத ஒருவர் கைக்கு ஒரு நாள் போய் வந்தாலும் சங்கிலி அறுந்தது அறுந்ததுதான். சைவச் சாம்பாரில் மீன் குழம்புக் கரண்டி விழுந்த மாதிரி. உடனே எடுத்துவிட்டேன் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மதிப்பெண் போடுகிறவர்களுக்காக, அந்தச் சங்கிலி அறுந்திருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு.

இந்த முறை நாமக்கல். அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனை எழும்பிக்கொண்டிருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் செங்கோடன் என்பவர் பட்டறையில் தயாராகின்றன. செங்கோடன் லாரி பாடி கட்டுகிறவர். லாரி வேலை மந்தமான மாதங்களில் ஆட்களைச் சும்மா உட்காரவைக்க வேண்டாமே என்று கதவு வேலையும் எடுத்து, ஒன்றரை வருஷம் அலைந்து சான்றும் வாங்கியிருந்தார். சான்று வாங்கியபின் அவருக்கு வந்த முதல் வேலை இது. இது நல்லபடியாக முடிந்தால் அதே கட்டடக்காரர் கட்டப்போகும் மாணவியர் விடுதியின் கதவுகளும் அவருக்கே. கெட்டால் விடுதியும் போகும், சான்றும் போகலாம். போனில் பேசும்போதெல்லாம் அவர் இதைத் தவறாமல் சொல்லிவிடுவார். நானும் தவறாமல் ஒன்று சொல்வேன்: "அந்த மரத்தை வேற யாருக்கும் வித்துடாதீங்க."

டவுன் பஸ் பிடித்துப் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து நாமக்கல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மல்லூர் தாண்டியதும் ஜன்னலோரக் காற்று நன்றாக வந்தது. மழை பெய்திருந்ததால் மானாவாரிக் காடுகளில் சோளம் பச்சையாக நின்றது. பக்கத்து இருக்கையில் பரமத்தி வேலூர் அம்மா ஒருவர், மடியில் காலி வெற்றிலைக் கூடை. சேலத்தில் வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்புகிறார். என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். ஆண்டகளூர் கேட் வரும்வரை விளக்கினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப மரத்துக்குச் சாதகம் பாக்கறீங்கன்னு சொல்லுங்க சாமி" என்றார். பத்து வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம். என் விசிட்டிங் கார்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது மணி ஒன்பதரை. பட்டறை திருச்சி ரோட்டில். உள்ளே இரண்டு லாரிகள் எலும்புக்கூடாக நிற்க, மூன்றாவதற்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் ஏதோ தவறான முகவரிக்கு வந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. ஆட்கள் சலவைச் சட்டையில் இருந்தார்கள். பட்டறை நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு நிலவு நிற்க, அதன் தலையில் சாமந்தி மாலை, கீழே எலுமிச்சம்பழம். இந்தப் பக்கத்தில் வாசற்காலை நிலவு என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பிடிக்கும் சொல் அது.

"பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்க!" என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள்.

செங்கோடன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். பின்னாலேயே அவர் மனைவி பூங்கொடி மோர்ச் செம்போடு வந்தார். பட்டறையின் வரவு செலவு, ஆள் கூலி எல்லாம் அவர் பொறுப்பு.

"வாங்க மேடம், வாங்க. பயணமெல்லாம் சௌரியமுங்களா? மொதல்ல இதைப் பாருங்க. மெயின் கேட்டு நிலவுங்க" என்றார் செங்கோடன்.

பார்த்தேன். தேக்கு என்றால் தேக்கு. கரும்பழுப்பில், ஒரு கணு கிடையாது, விரலால் தட்டினால் கல் மாதிரி சத்தம். ஆனால் மருத்துவமனைக்கென்று வந்த சான்று மரம் வெளிர் நிறத் தோட்டத் தேக்கு. கணு அங்கங்கே இருக்கும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். நான் மண்டியிட்டு நிலவின் அடியைப் பார்த்தேன். கோடு இல்லை.

"செங்கோடன், இது நம்ம மரம் இல்லையே?"

"இல்லைங்க" என்றார் பெருமையோடு. "நம்ம மரம் கணுக் கணுவா அசிங்கமா இருந்துச்சுங்க. நீங்க எஃப்.சி. பாக்க வாரேன்னு சொன்னீங்கல்ல, அந்த நாளு மட்டும் நல்லதா நிறுத்தலாமுன்னு என்ற மச்சான்கிட்ட இருந்து இதக் கொண்டாந்து வச்சேனுங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாலை, எலுமிச்சம்பழம், சலவைச் சட்டை, பிரேக் இன்ஸ்பெக்டர். நாமக்கல்லில் சர்டிபிகேட் என்றால் அது லாரி ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வாங்கும் எஃப்.சி.தான். எஃப்.சி. காட்டப் போகிற அன்று லாரியைக் குளிப்பாட்டி, பெயிண்ட் அடித்து, நம் டயர் தேய்ந்திருந்தால் சிநேகிதனின் லாரியிலிருந்து நல்ல டயராகக் கழற்றி மாட்டிக்கொண்டு போவார்களாம். சாயங்காலம் டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். செங்கோடன் செய்தது அதுவேதான். மருத்துவமனைக்கு டயர் மாட்டியிருந்தார்.

"சரி, நம்ம மரம் எங்கே?"

"அதான் பரமத்தி வேலூர்ல மச்சான்கிட்டங்க. அவரு நிலவு இங்க வந்துட்டா அவருக்கு வேணுமில்லைங்க? கேட்டாரு, நம்ம நிலவக் குடுத்து உட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன், விக்காதீங்க விக்காதீங்கன்னு!" என்று கத்தினேன். சிவப்படித்துக்கொண்டிருந்தவர் தூரிகையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க மேடம், நா எங்கங்க வித்தேன்?" செங்கோடனுக்கு நிஜமாகவே வருத்தம். "ஒத்தப் பைசா வாங்கலைங்க. கைமாத்தாத்தானுங்க குடுத்தேன்."

கைமாத்து! அவசரத்துக்கு வாங்கி அப்படியே திருப்பிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர். சர்க்கரையும் கைமாத்துதான், டயரும் கைமாத்துதான். வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, கொடுத்தவர் கொடுத்ததாகவே நினைக்கமாட்டார். கை மாறக்கூடாது என்பதற்காகவே இருக்கிற ஒரு விதியை, கை மாற்றுவதையே பெயராக வைத்திருக்கிற ஒரு பழக்கம் வந்து தொட்டிருக்கிறது. கோபத்தோடு கோபமாக எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது. அதை மோர்ச் செம்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

பின்கொட்டகையில் மற்ற எல்லாம் சரியாக இருந்தன. அறைக் கதவுகள், ஜன்னல்கள், அறுத்து மீந்த துண்டுகள்கூட, அத்தனையிலும் பச்சைக் கோடு. லாரி மரம் ஒரு பக்கம், சான்று மரம் தனியாக ஒரு பக்கம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமை கூடியது. இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த மனிதர், முன்வாசல் நிலவு ஒன்றில் போய்க் கவிழ்ந்திருக்கிறாரே.

"இப்பவே போய்த் தூக்கிட்டு வந்துடறேனுங்க" என்றார் செங்கோடன்.

"தூக்கிட்டு வந்தாலும் இனிமே அது சான்று மரம் இல்லீங்க. உங்க கேட்டைத் தாண்டினப்பவே சங்கிலி போச்சு. ஆனா வந்த மரம் இவ்வளவுன்னா, அது எங்கே போச்சுன்னு நான் கண்ணால பாத்து எழுதணும்."

அது உண்மை. மச்சான் ஊர்ப் பக்கம் காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது என்று பஸ்ஸில் கேள்விப்பட்டதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லவில்லை.

பூங்கொடி தன் அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எங்கண்ணன் முகூர்த்த நாளுல போனை எடுக்காதுங்க" என்றவர், சொன்ன வார்த்தையைத் தானே திரும்பக் கேட்டவர் போலக் கணவனைப் பார்த்தார். செங்கோடன் வண்டிச் சாவியைத் தேடினார். இன்று ஆவணி முகூர்த்தம். மச்சான் கதவு, நிலவு செய்து கொடுக்கிற மர ஆசாரி. அவர் பட்டறையில் நிலவு இருந்தால் முகூர்த்த நாளில் அது எங்கே இருக்கும்?

செங்கோடன் பிக்கப் வண்டியை எடுத்தார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். பரமத்தி வேலூர் இருபது கிலோமீட்டர், வழி முழுக்க ஹாரன் மட்டும் பேசியது. கீரம்பூர் தாண்டியதும் ஒரே ஒருமுறை, "கேட்டா இல்லைன்னு எப்படிங்க சொல்றது? பொண்ணு எடுத்த ஊடுங்க" என்றார். வேலூரில் மச்சான் பட்டறை பூட்டியிருந்தது. எதிரே வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர், "தங்கவேல் அண்ணனா? ஜேடர்பாளையத்துல நிலவு வெக்கறாங்கன்னு வெள்ளனே போயிட்டாருங்க" என்றார். செங்கோடன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பொத்தனூர், பாண்டமங்கலம் வழியாகப் போனோம். கோபத்தில் இருக்கிறவர்கள் போகக்கூடாத சாலை அது. ஒரு பக்கம் ராஜா வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போகிறது. மறுபக்கம் கொடிக்கால், வாழை, கரும்பு, மீண்டும் கொடிக்கால். வெற்றிலைத் தோட்டத்துக் காற்று குளுகுளுவென்று முகத்தில் அடிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் நிலைமை வேறு என்பதால் நான் அழகை ரசிப்பதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜேடர்பாளையத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாழைமரம் கட்டியிருந்தது. செங்கல் இடுப்புயரத்துக்கு எழும்பியிருக்க, கிழக்கு பார்த்து எங்கள் நிலவு செங்குத்தாக நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேல்கட்டையில் நவதானிய முடிச்சு கட்டி, சூடம் காட்டி முடித்திருந்தார்கள். வலதுகால் முனையில், மஞ்சளையும் மீறிப் பச்சைக் கோடு தெரிந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது.

"வாங்க மாப்ள!" என்று நெஞ்சோடு கட்டிக்கொண்டார் தங்கவேல். "நல்ல நேரத்துல உன்ற நிலவு கை கொடுத்துச்சு. நம்முளுது உன்கிட்ட வந்திருச்சா, இங்க முகூர்த்தம் நெருங்கிருச்சு. நம்முளுத நீயே வச்சுக்க, வேண்டாமுன்னா அடுத்த வாரம் உனக்குப் புதுசா செஞ்சு தந்துபோடறேன்."

செங்கோடன் என்னைப் பார்த்தார். நான் நிலவைப் பார்த்தேன். பூசை முடித்து நிறுத்திய நிலவைப் பிடுங்குவது என்கிற பேச்சையே அந்த மண்ணில் யாரும் எடுக்கமாட்டார்கள். நானும் எடுக்கவில்லை. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் போட்டோ எடுப்பதைப் பார்த்து வீட்டுக்காரம்மா அருகில் வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சொந்த வீடு இதுதான் முதல். அவர் கேட்கக் கேட்க, மரத்தின் கதையைச் சொன்னேன். எந்தத் தோட்டத்தில் வளர்ந்தது, எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை கை மாறியது, எல்லாம். அவர் நிலவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப எங்க ஊட்டு நிலவுக்கும் அந்தச் சர்டிபிகேட் உண்டுங்களா?"

"இல்லீங்கம்மா. இப்போ இல்ல."

"மரம் அதேதானுங்களே?"

"மரம் அதேதான்."

"பரவாயில்லைங்க, நாங்க விக்கவா போறோம்?" என்றுவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாழையிலை, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், கச்சாயம். இனிப்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துப் படுகை அணைக்கு நடந்தோம். காவிரி அகலமாக, செம்மண் கலந்து, சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. மீன் வறுக்கும் கடைகளில் கூட்டம். செங்கோடன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் விடுதிக் கதவுகளையும் ஒன்றரை வருஷ அலைச்சலையும் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இதை மறைத்தால் என் வேலைக்கு அர்த்தமில்லை, எழுதினால் இந்த மனிதர் பாவம்.

"நான் இதை எழுதத்தான் போறேன்" என்றேன். "ஆனா ராத்திரிதான் எழுதுவேன். அதுக்குள்ள கட்டடக்காரருக்கும் சான்று கொடுத்தவங்களுக்கும் நீங்களே சொல்லிட்டா நல்லது. நான் சொன்னா அது புகாரா இருக்கும்."

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கும். "சார், வணக்கமுங்க, செங்கோடன் பேசறேன். ஒரு தப்பு நடந்து போச்சுங்க. எஃப்.சி.க்கு டயர் மாத்தற மாதிரி நிலவ மாத்திப்போட்டேனுங்க." கட்டடக்காரர் கோவைக்காரர். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கொஞ்ச நேரம் கத்தினார். கடைசியில், முன்வாசல் நிலவைச் சான்று மரத்தில் புதிதாகச் செய்து தர வேண்டும், செலவு உங்களுடையது, விடுதியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். சான்று கொடுத்தவர்களையும் அழைத்தார்; அவர்கள் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. குறையாகப் பதிவு செய்வோம், இனி இப்படி நடக்காது என்பதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று ஒரு மாதத்துக்குள் காட்டுங்கள், இல்லாவிட்டால் சான்று நிறுத்தப்படும் என்றார்கள்.

"ஏற்பாடுன்னா என்னங்க பண்றது?" என்று என்னைக் கேட்டார்.

"அதை நீங்கதான் யோசிக்கணும்" என்றேன். எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பூட்டுப் போடச் சொல்லலாம். ஆனால் சாவியை மச்சான் கேட்டால்?

போகும்போது அவரே மீன் வாங்கிக் கொடுத்தார். அந்த மாதிரி நாளிலும் விருந்தாளியைப் பட்டினி போடாத ஊர் அது. சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. வேலூர் வந்து அவரிடம் விடைபெற்று சேலம் பஸ் ஏறியபோது, "போயிட்டு வாங்க மேடம். திட்டுனதுக்கு ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். திட்டியவள் நான். மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறவர் அவர்.

மறுநாள் காலை பெரம்பூரில் என் வீட்டு வாசலில் பையை இறக்கிவைத்து, சாவியைத் துழாவிக்கொண்டே கதவைப் பார்த்தேன். பதினொரு வருஷமாகத் திறந்து மூடுகிற கதவு. என்ன மரம், எந்தக் காடு, யார் அறுத்தது, ஒன்றும் தெரியாது. ஊரில் உள்ள நிலவுக்கெல்லாம் சாதகம் பார்க்கிறவள் வீட்டு நிலவு அநாதை. ஜேடர்பாளையத்து அம்மாவுக்குத் தன் நிலவின் கதை கப்பல் வரைக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் செங்கோடனிடமிருந்து போனில் படங்கள் வந்தன. முதல் படத்தில் புதிதாக வந்த சான்று மரம். முனையில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு இழுத்ததோடு நிறுத்தாமல், லாரிக்கு நம்பர் எழுதுவது போலச் சான்று எண்ணை முன்னும் பின்னும் இரு பக்கமும், கொட்டை எழுத்தில், நிழலெல்லாம் கொடுத்து எழுதியிருந்தார்கள். அறுத்தாலும் இழைத்தாலும் ஒரு பக்கம் மிச்சமிருக்கும். பட்டறைக்கு நம்பர் எழுதும் ஆர்டிஸ்டின் வேலை அது. நாமக்கல்லைத் தவிர வேறெங்கும் இந்த யோசனை பிறந்திருக்காது. சான்று கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுக் குறையை நீக்கிவிட்டார்களாம்.

அடுத்த படம் பின்கொட்டகையின் தகரக் கதவு. லாரியின் பின்பலகையில் எழுதுகிற அதே மஞ்சள் எழுத்தில், இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு, ஒரே வரி எழுதியிருந்தது. பக்கத்தில் பூங்கொடி இடுப்பில் கை வைத்து நின்றார். அதை எழுதச் சொன்னதே அவர்தான் என்று செங்கோடன் கீழே குறிப்பிட்டிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

"மச்சானே ஆனாலும் கைமாத்து கிடையாது."